தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு

தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து இருபது நிமிட நடை தூரத்தில் பிறந்தவர் என் பெரியம்மா. ஆனாலும் தன் 76ஆம் வயதில்தான் அந்தக் கோயிலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார். அதுவரை பிரதோஷத்துக்குப் போவார், நந்திக்கு அபிஷேகம் பார்ப்பார், வந்த வழியே திரும்பிவிடுவார். "அங்க சுத்திப் பாக்க என்னடி இருக்கு, எல்லாம் கல்லுதான்" என்பார். காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் ஒருமுறை நான் அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம்" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு தலைமுறையாகக் கட்டிக் காத்த மௌனம் அது. என் அம்மாச்சியின் அம்மா கோயிலில் பொட்டுக் கட்டிக்கொண்டவர்.

சென்ற ஆண்டு ஒரு மார்கழிக் காலையில் அவரே, "அந்தப் பேரெல்லாம் எழுதியிருக்குன்னு சொன்னியே, எங்க இருக்கு, காட்டு" என்றார். போனோம். இந்தக் கட்டுரை அந்தக் காலையைப் பற்றியது. அதைவிட, பெரிய கோயிலை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதைப் பற்றியது.

கேரளாந்தகன் திருவாயிலைத் தாண்டி, இராஜராஜன் திருவாயிலின் பேருருவத் துவாரபாலகர்களுக்கு நடுவே நுழையும்போதே ஒரு வழிகாட்டியின் குரல் கேட்கத் தொடங்கிவிடும். பதின்மூன்று நிலை விமானம். ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரம். உச்சியில் ஒரே கல், எண்பது டன். நிழல் தரையில் விழாது. அன்றும் ஒருவர் ஒரு குடும்பத்துக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்தின் நிழல் அவர்கள் நின்ற தரையிலேயே நீளமாகக் கிடந்தது. அந்தக் குடும்பம் நிழலுக்குள் நின்றபடி நிழல் விழாத அதிசயத்தைக் கேட்டுத் தலையாட்டியது. உச்சிச் சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதிப் பல காலமாகிவிட்டது. யாரும் கேட்பதாக இல்லை.

இந்தப் பொய்கள் பெரிய குற்றமல்ல. ஆனால் அவை நம் கழுத்தை ஒரு திசையில் திருப்பி வைக்கின்றன. இந்தக் கோயிலை நாம் அண்ணாந்தே பார்க்கிறோம். உயரம், எடை, மன்னன் என்று பெருமை எல்லாம் மேலே இருக்கிறது. கோயிலில் எழுத்து இருப்பதோ கீழே, அதிட்டானத்திலும் மதிலிலும், நம் இடுப்பளவிலும் கண்ணளவிலும். இந்தியாவில் இத்தனை விரிவாகத் தன் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொண்ட கட்டடங்கள் குறைவு. குனிந்து படிக்க ஆளில்லை என்பதுதான் குறை.

அந்த எழுத்தின் தொடக்கமே கவனிக்கத்தக்கது. தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லில் வெட்டச் சொல்கிறான் இராஜராஜன். அக்கன் என்பது குந்தவை. பெண்டுகள் என்பது அவன் தேவியர். பெண்கள் கொடுத்ததையும் தன் கொடையோடு சேர்த்துப் பொறிக்கச் சொன்ன அரசன் என்று இதைப் பாராட்டுகிறார்கள். பாராட்டலாம். குந்தவை இக்கோயிலுக்கு உமாபரமேசுவரித் திருமேனிகளைச் செய்து அளித்தாள். இன்று நாம் கும்பிடும் பெரியநாயகி சன்னதி பாண்டியர் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இராஜராஜன் திட்டத்தில் அம்மனுக்கென்று தனி வீடு இல்லை. செப்புத் திருமேனியாக அவளை உள்ளே கொண்டுவந்தது ஒரு பெண்ணின் கொடை.

ஆனால் 'பெண்டுகள்' என்ற சொல் இந்தக் கோயிலில் இன்னோர் இடத்திலும் வருகிறது. வடபுற மதிலில், நீண்ட ஒரு பட்டியலின் தலைப்பில்: தளிச்சேரிப் பெண்டுகள். அரசனின் மனைவியருக்கும் கோயிலின் ஆடல் மகளிருக்கும் ஒரே சொல். முதல் வகையினர் கொடுத்தவர்கள். இரண்டாம் வகையினர் கொண்டுவரப்பட்டவர்கள்.

இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1014ஆம் ஆண்டு வரையான ஏற்பாடுகளைச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து ஏறத்தாழ 400 பெண்கள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டு, கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைச்சலாக ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஹூல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இதன் முழுப் பாடமும் இருக்கிறது. நான் அதன் படி ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். கல்லில் இருக்கும் எழுத்தைப் பெரியம்மாவால் படிக்க முடியாது. அதனால் நான் தாளைப் பார்த்து வாசித்தேன்.

தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. திருவையாற்று ஓலோகமாதேவி ஈசுவரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. அடுத்த வீட்டில் அதே தளியிலிருந்து வந்த நக்கன் இரணமுகராமி. அதற்கடுத்து நக்கன் உதாரி. பிறகு பட்டாலி. எடுத்தபாதம். சோழகுலசுந்தரி. ஏகவீரி. இப்படியே தெருத் தெருவாக, சிறகு சிறகாக, வீடு வீடாக நீள்கிறது பட்டியல்.

பெரியம்மா 'எடுத்தபாதம்' என்ற பெயரில் நிறுத்தச் சொன்னார். "எடுத்தபாதமா? அப்படியா பேரு வச்சிருந்தாங்க?" தில்லையில் தூக்கிய திருவடியின் பெயர் ஓர் ஆடல்காரிக்கு. வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"வீடு அவ பேர்லயா?"

இத்தனை ஆண்டுகளாக இந்தக் கல்வெட்டைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சுகள் கேட்டிருக்கிறேன், கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கப்படாததற்குக் காரணம், இந்தக் கல்வெட்டு நம்மிடையே இரண்டே விதமாகப் புழங்குவதுதான்.

முதலாவது பெருமை வாசிப்பு. கலையைப் போற்றிய மன்னன், ஆடல் மகளிருக்கு வீடும் நெல்லும் தந்த பொற்காலம். 2010 செப்டம்பரில் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் ஆயிரம் நடனக் கலைஞர்கள் இந்த வளாகத்தில் ஆடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "நம்ம பாட்டிங்க ஆடுன எடம்" என்று முணுமுணுத்துவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். அந்த விழாவில் ஆடிய இளம்பெண்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆட்டம் போற்றப்பட்ட அதே ஊரில், ஆடியவளின் பேத்தி குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பெருமை யாருக்கானது என்பதை இது சொல்லிவிடுகிறது.

இரண்டாவது இழிவு வாசிப்பு. நானூறு பெண்களைத் தன் இச்சைக்கும் அதிகாரிகளின் இச்சைக்கும் குடியேற்றிய மன்னன் என்று மேடை அதிரப் பேசுவார்கள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் நான் மதிக்கும் அரசியலைச் சேர்ந்தவர்கள். மன்னனின் புகழைக் கலைப்பதற்கு அவர்களுக்கு அந்தப் பெண்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் கல்வெட்டில் இல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றுகிறார்கள். அந்தப் பட்டியலில் உடல் பற்றிய பேச்சே கிடையாது. வீடு, பங்கு, வந்த ஊர், பெயர், பணி இவைதான் இருக்கின்றன. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் நிலையை எடுத்துப் பதினோராம் நூற்றாண்டின் மேல் போர்த்துவது வரலாறு ஆகாது. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த லெஸ்லி ஓர், அவர்களில் பலர் கல்வெட்டுகளில் கொடையாளிகளாகவே தோன்றுகிறார்கள் என்று காட்டுகிறார். தேவரடியார் என்ற சொல் அன்று மதிப்புச் சொல். அதன் இன்றைய திரிபை எந்தப் பேருந்து நிலையத்திலும் கேட்கலாம். தமிழில் ஒரு பெண்ணை நோக்கி வீசப்படும் முதல் வசை அதுதான். எட்டாம் வகுப்பில் என்மேல் வீசப்பட்டபோது, எறிந்தவனுக்கு என் குடும்பக் கதை தெரியாது. எனக்கும் தெரியாது. வீட்டில் சொன்னபோது அம்மாச்சியின் முகம் மாறியது மட்டும் நினைவிருக்கிறது.

இந்த இரண்டு வாசிப்புகளும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் அந்தப் பெண்கள் 'நானூறு' என்ற எண்ணாக இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்தச்சன் ஒவ்வொரு பெயராக வெட்டியதை நாம் மறுபடியும் எண்ணாக்கிவிட்டோம்.

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வீடு அவள் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது பணியோடு கட்டப்பட்ட வீடு. அவள் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அந்தப் பணியைச் செய்யத் தகுதியுள்ள அடுத்த உறவினர் பங்கைப் பெறலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அவர் அமர்த்த வேண்டும். உறவே இல்லாவிட்டால் அப்பணியில் உள்ள மற்றவர்கள் சேர்ந்து ஆளைத் தெரிந்தெடுக்க வேண்டும். விற்கும் உரிமை பற்றிப் பேச்சில்லை. இன்றைய பட்டா அல்ல அது. அதே சமயம் கணவன் வழியாக வந்ததும் அல்ல, தகப்பன் இரங்கி எழுதி வைத்ததும் அல்ல. அவள் செய்யும் வேலைக்காக, அவளுடைய தெரு, சிறகு, வீட்டு எண்ணோடு அவளுக்குக் கிடைத்தது. அந்த மதிலில் அவர்களுக்குத் தகப்பன் பெயரும் கணவன் பெயரும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக 'நக்கன்' என்ற முன்னொட்டு மட்டும் இருக்கிறது. நக்கன் என்பது சிவன் பெயர்.

இதை உடனே விடுதலை என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. இருபத்தைந்து வயதில் எழுதியும் இருக்கிறேன். இன்று அப்படி எழுத மாட்டேன். பெயர்களையே மறுபடி பாருங்கள். இரணமுகராமி, சோழகுலசுந்தரி, இராஜகேசரி. இரணமுகராமி என்பதே ஒரு விருதுப் பெயர் போல ஒலிக்கிறது. இராஜகேசரி அரசன் தரித்த பட்டம். பெற்ற தாய் தொட்டிலில் போட்டு அழைத்த பெயர்களா இவை, பணிக்குச் சேர்ந்தபோது ஒட்டப்பட்டவையா? ஐயாற்றிலிருந்தும் ஆரூரிலிருந்தும் பழையாறையிலிருந்தும் அவர்கள் கிளம்பிய நாளில் யாரிடம் விடைபெற்றார்கள்? வர மறுத்தவள் ஒருத்தியாவது இருந்தாளா? 'கொண்டுவந்த' என்று சொல்வது கொண்டுவந்தவனின் குரல். வந்தவளின் குரல் மதிலில் இல்லை. கோயிலுக்குப் போன பெண்களெல்லாம் ஒரே வழியில் போகவில்லை என்பதற்கும் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. சேரமங்கைக்கு வீட்டு எண் இருக்கிறது. அந்த மகள்களுக்கு விலை இருக்கிறது. இருவரையும் 'கோயில் பெண்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டு நாம் பெருமையோ இழிவோ பேச முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த நூறு கலம் நெல் எங்கிருந்து வந்தது? கோயிலுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களின் பட்டியலும் இதே கோயிலில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எண்ணப்படுகின்றன. தளிச்சேரியில் குடியிருந்தவளுக்குப் பெயர் உண்டு. பறைச்சேரியில் குடியிருந்து அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் வாழ்ந்த இடம் நில அளவையில் கழிக்கப்பட்ட ஒரு பரப்பாக மட்டுமே பதிவாகியிருக்கிறது. என் கொள்ளுப்பாட்டியின் முன்னோரைத் தேடி நான் இந்த மதிலுக்கு வர முடிகிறது. அவளுடைய பேத்தி எந்தச் சுவருக்குப் போவாள்? என் சோகத்தைச் சொல்லும்போதே என் சலுகையையும் சொல்லாவிட்டால் நானும் அண்ணாந்து பார்க்கிறவள்தான்.

ஆடியவர்களைக் கோயில் எப்படிக் காட்டுகிறது என்று தேடினால் வேறொரு விசித்திரம் கிடைக்கும். கருவறையைச் சுற்றிய மேல்தளச் சுற்றில் நாட்டிய கரணங்கள் சிற்பமாக இருக்கின்றன. 108இல் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக்கான கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அந்தக் கரணங்களை ஆடுபவர் நான்கு கரங்களோடு சிவன். தெருவில் நானூறு ஆடல்காரிகள் குடியிருக்க, கல்லில் ஆடுகிறவர் ஆண் தெய்வம். பிற்காலத்தில் சிதம்பரம் கோபுரங்களில்தான் பெண்ணுருவங்கள் கரணங்களை ஆடுகின்றன. தஞ்சையில் ஆடும் பெண்களைக் காண வேண்டுமானால் கீழ்ச்சுற்றின் ஓவியங்களுக்குப் போக வேண்டும். நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த அந்தச் சோழ ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். இரண்டு சுற்றுகளும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. பாதுகாப்புக் காரணம் நியாயமானதே. ஆனாலும், தரையில் நின்று வந்துபோகிறவர் கண்ணில் இந்தக் கோயிலின் நடனம் படுவதே இல்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். 1920களின் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்வை உள்ளிருந்து கண்டவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். 1947இல் தடைச் சட்டம் முழுமையாக வந்தது. இதற்கு மறுபக்கத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசிகளின் கலையையும் உரிமையையும் காக்க வாதாடினார். தஞ்சைக்குப் பக்கத்தில், சேரமங்கை கிளம்பி வந்த அதே திருவையாற்றில், தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பினார். இந்த மூவரில் யாரையும் என்னால் கைவிட முடியாது. சிறுமிகளைப் பொட்டுக் கட்டுவது ஒழிய வேண்டியிருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒழிந்தபோது வீடும் நிலமும் யாரிடம் போயின என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. 1929 சட்டத் திருத்தம் தேவதாசிகளின் இனாம் நிலங்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. நோக்கம் நல்லது. நடைமுறையில், பெண் வழியாக வந்த சொத்தும் மரியாதையும் மெல்ல மெல்ல அந்தச் சமூகத்து ஆண்கள் பக்கம் சாய்ந்ததை அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. படித்தபோது எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் படிப்பது போலிருந்தது. கொள்ளுப்பாட்டி பெயரில் இருந்த வீடு, அம்மாச்சியின் கல்யாணத்தின்போது தாத்தா பெயருக்கு மாறியது. குடும்பப் பெண்ணாக ஆவதற்கு அம்மாச்சி கொடுத்த விலை அது. தாத்தா உயில் எழுதி மாமாக்களுக்கு வைத்தார். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு நான்கு பவுன். பெரியப்பா இறந்தபிறகு, பிறந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கேட்டுப் போன பெரியம்மா, பேச்சு முற்றி அன்று இரவே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எல்லாரும் விமானத்தின் உயரத்தைக் கேட்கும் இடத்தில் அவர் வீட்டின் பத்திரத்தைக் கேட்டார்.

பெண்ணியம் பழைய கோயிலுக்குள் போகும்போது அங்கே ஒரு பொற்காலத்தையோ ஒரு சிறைச்சாலையையோ கண்டுபிடித்துத் திரும்பும் அவசரம் எனக்கு இனி இல்லை. பெரியம்மா கேட்டது போன்ற கேள்விகள் போதும். வீடு யார் பெயரில்? நெல் யார் விளைத்தது? பெயர் யார் வைத்தது? போக மறுக்க முடிந்ததா? இந்தக் கேள்விகளுக்கு அந்த மதில் பாதி பதில் சொல்கிறது. மீதியைச் சொல்லாமல் விடுகிறது. ஆனாலும் இன்றைய நம் பல பத்திரங்களைவிட அது நேர்மையாகவே இருக்கிறது. யார் எங்கிருந்து வந்தார், எந்த வீட்டில் இருந்தார், எவ்வளவு பெற்றார் என்பதை அது மறைக்கவில்லை.

நான் நாற்பது பெயர் வரை வாசித்திருப்பேன். வெயில் ஏறிவிட்டது. "போதும் பெரியம்மா, கால் வலிக்கும்" என்றேன்.

"இன்னும் எத்தினி இருக்கு?"

"முன்னூத்தி அறுபது இருக்கும்."

மதிலோரம் தரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ படி. வீட்டு நம்பரோட படி."

படித்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் கடந்துபோனது. அதிலிருந்து ஒரு சிறுமி நின்று, "யார் பேரு பாட்டி இதெல்லாம்?" என்று கேட்டாள். பெரியம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "எங்க வீட்டு மனுசங்கம்மா."